சீரங்கராயன் கொலையும் அவன் குடியும்

அரசுரிமை பெற்றோர் கொலையுண்ட வரலாற்றை ஆராயுங்கால் ஆதித்த கரிகாலனே நம் நினைவிற்கு முதற்கண் வருவான். உடையார்குடிக் கல்வெட்டு அக்கொலையால் துரோகிகளின் சுற்றத்தார் நிலமிழந்த செய்தியைக் கூறுகின்றது. கொலையுண்டவன் குடி ஆட்சியில் நிலைத்தது. கி.பி. 1614-இல் நிகழ்ந்த விசயநகர வேந்தன் சீரங்கராயன் கொலையோ இதற்கு நேர்மாறானது. அதனைப் பேரரசின் வீழ்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்றாக எழுதுவோர் பலர். அது முதற்கண் ஒரு குடியை வேரறுக்க எழுந்த செயல் என்பதே ஈண்டு நாம் காட்டக் கருதுவது.

அவ்வாண்டு அக்டோபரில் இறந்த இரண்டாம் வேங்கடபதிராயனுக்கு மகப்பேறில்லை. ஜக்கராயன் குடும்பத்தவளான பாயம்மா என்னும் அரசி, பிறர் மகவொன்றைத் தன் மகவெனக் காட்டி வளர்த்தாள். வேங்கடபதி உண்மை அறிந்தும் வாளாவிருந்தான் என்பர். எனினும் இறக்குங்கால் தன் தமையன் மகனான சீரங்கனையே அழைத்து அரசுரிமை அளித்தான். ஜக்கராயன் அச்சிறுவனுக்கே அரியணை வேண்டிச் சீரங்கனை மனைவி மக்களோடு சிறையிட்டான்.

சிறையில் நிகழ்ந்தவற்றைப் பர்ராதாஸ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் 1616 டிசம்பர் 12-ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம் விரித்துரைக்கின்றது. சீரங்கன்பால் நின்ற யாசம நாயக்கன், வண்ணான் ஒருவனைக் கொண்டு, சலவைத் துணி மூட்டையுள் மறைத்து, இரண்டாம் மகன் இராமனை வெளிக்கொணர்ந்தான். அவனுக்கு அப்போது பன்னிரண்டு அகவை. மன்னனை மீட்கும் முயற்சிகளோ பலித்தில. பின்னர் ஜக்கராயனின் தம்பி சிறைக்குள் புகுந்து, மன்னன் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளல் வேண்டும், இன்றேல் தான் கொல்வதாகக் கூறினான். சீரங்கன் அரசியையும் இளமக்களையும் தன் வாளால் வெட்டித் தானும் அவ்வாளில் வீழ்ந்தான். மூத்த மகனும் அவ்வாறே மாய்ந்தான். ஒரு சிறு மகளை மட்டும் வெட்டத் தந்தையின் கை துணியவில்லை. அவளையும் வந்தவன் கொன்றான். பெண்மகவையும் விடாத இச்செயல் நோக்கத்தை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகின்றது: அரசனை அகற்றுவது மட்டுமன்று, உரிமை கோரத்தக்க குருதியே எஞ்சாமற் செய்தல். கடிதம் செவிவழிச் செய்தியே எனத் தள்ளுவாரும் உளராகலாம். எனினும் நிகழ்ச்சிக்கு ஈராண்டுகளுள் எழுதப்பட்ட சான்று எளிதில் விலக்கற்பாலதன்று.

மூட்டையுள் தப்பிய சிறுவனால் அந்நோக்கம் முற்றுப்பெறவில்லை. அவன் பொருட்டு எழுந்த போர், ஈராண்டுகள் கழித்துப் பொன்மலைக்கும் திருச்சிராப்பள்ளிக் குன்றுக்கும் கிழக்கே விரியும் காவிரிச் சமவெளியை அடைந்தது. ஜக்கராயன் மதுரை முத்து வீரப்பனையும் செஞ்சி நாயக்கனையும் துணைக்கொண்டான். யாசமனோடு தஞ்சை இரகுநாத நாயக்கன் நின்றான். எதிரிகள் காவிரி அணையை உடைத்தனர் எனத் தஞ்சை அவை நூல்கள் கூறும். தோப்பூர்ப் போர் என நூல்களில் வழங்கும் இதன் களம், கல்லணையை அடுத்த தோகூரே என்பது அறிஞர் துணிபு. ஆண்டு பற்றி ஒன்று கூறல் தகும். பர்ராதாஸ், படைகள் திருச்சிராப்பள்ளி வெளியில் திரண்டு நிற்பதைக் கூறுகின்றாரேயன்றி முடிவைக் கூறவில்லை. ஆதலின் 1616-இன் இறுதியோ 1617-இன் தொடக்கமோ போருக்குப் பொருந்தும்.

ஜக்கராயன் களத்தில் மடிந்தான். பதினைந்து அகவையினனாகிய இராமதேவன் வேந்தனானான். ஆயின் ஜக்கராயனின் தம்பி எதிராசன் போரை விட்டிலன். முடிவில் இராமதேவன் அவ்வெதிராசன் மகளையே மணந்து அமைதி கண்டான். தன் தாயையும் உடன்பிறந்தாரையும் இழக்கச் செய்த குடியினின்று மனைவி கொள்ள நேர்ந்த நிலையை அரசியல் நூலாசிரியர் 'உடன்படிக்கை' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர்! மூட்டையில் காத்த யாசமனோ இம்மணத்தைப் பொறாது அரசனை விட்டு விலகினான். கொலையாளர் குடி அரண்மனைக்குள் புக, காத்தவன் வெளியேறினான்.

இராமதேவன் 1632-இல் முப்பது அகவையளவில், தனக்குப்பின் அரசாள மகனின்றி மறைந்தான். அரியணை, தலைக்கோட்டைப் போரில் இறந்த அளிய இராமராயன் வழியினனான பெத்த வேங்கடனைச் சார்ந்தது. 1639-இல் சென்னைக் கடற்கரை நிலம் ஆங்கிலேயர்க்கு வழங்கப்பட்டபோது ஆட்சியிலிருந்தவன் இவனே.