பகலில் சிலேட்டு, இரவில் சாவடி

ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே உசிலம்பட்டிச் சீமை, மேற்கே எங்கள் ஊர்ப்பக்கம். இரண்டு பக்கத்துப் பிரமலைக் கள்ளர் வீடுகளிலும் ‘ரேகைச் சட்டம்’ என்று சொன்னால் போதும், பெரியவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அரசு ஏட்டில் அதற்குக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று பெயர்.

“ஒங்க தாத்தா தாலி கட்டுன அன்னைக்கு ராத்திரியும் கச்சேரியிலதான்டா படுத்தாரு” என்பார் என் அப்பத்தா. போலீஸ் ஸ்டேஷனைத்தான் அன்று கச்சேரி என்றார்கள். ரேகை பதிந்த ஆண்கள் இரவானால் கச்சேரிக்கோ ஊர்ச் சாவடிக்கோ போய்ப் பேர் கொடுத்துப் படுக்க வேண்டும். விடிந்த பிறகுதான் வீடு. வெளியூர் போக ராத்தாரிச் சீட்டு வேண்டும். தவறினால் ஜெயில். இத்தனைக்கும் தாத்தா மீது ஒரு வழக்கும் இல்லை. ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அதை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்துக் கேட்க முடியாது.

1871இல் வட இந்தியாவுக்கென்று வந்த சட்டம் இது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 தொடங்கி ஊர் ஊராகப் பிரமலைக் கள்ளர்மேல் பாய்ந்தது. அதற்கு முன்பு இந்தச் சீமையில் குடிகாவல் அவர்களுடைய தொழில். களத்தில் தானியக் கூலி. காணாமல் போன மாட்டை மீட்டால் துப்புக்கூலி. காவல் காத்தவனே களவும் செய்தான் என்ற புகார் உண்டு, அதில் உண்மையும் உண்டு. 1896இல் திண்டுக்கல், மதுரைப் பகுதிக் குடியானவர்கள் திரண்டு காவலை மறுத்தார்கள். வெள்ளைக்காரப் போலீசும் சேர்ந்து பிழைப்பை அடைத்தது. பிழைப்புப் போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்குப் பதில் விரல்களில் மை தடவினார்கள்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அவர்களில் ஒருவர். அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழுவும் அந்தக் காலத்தில்தான் கூடியது. கைதியைத் திருத்தி அனுப்புவதே சிறையின் வேலை என்று நாட்டுக்கு எடுத்துச் சொன்ன குழு அது. எங்கள் பக்கத்தில் கள்ளர் சீரமைப்பு வேலை தொடங்கியதும் 1920இல்தான். பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், கிணறு, கொஞ்சம் நிலம் என்று கொடுத்தார்கள். மகனுக்குப் பகலில் சிலேட்டு; அப்பனுக்கு இரவில் சாவடி.

நான் படித்ததும் பிறகு பாடம் நடத்தியதும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில்தான். “சட்டம் கடுமையாக இருந்ததால்தானே சார் நம்ம ஆளுக திருந்தினாங்க?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இல்லை என்பதற்குக் காரணம் சொல்கிறேன். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பியாக வேண்டியவன் கம்பம் பள்ளத்தாக்குக்கு அறுப்புக்கூலிக்குப் போக முடியாது. சந்தைக்கு மாடு ஓட்ட முடியாது. நேர்மையாகச் சம்பாதிக்கும் வழியை அடைத்ததே அந்தச் சட்டம்தான்.

முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி போன்றவர்கள் எதிர்த்து நின்ற சட்டம், 1947இல் சென்னை மாகாணத்தில் நீங்கியது. 1952 ஆகஸ்ட் 31இல் நாடு முழுக்க நீங்கியது. பள்ளிகள் மட்டும் தொடர்ந்து நடந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 பள்ளிகள். அவற்றில் படித்தவர்கள் ஆசிரியர்களானார்கள், அதிகாரிகளானார்கள், போலீசும் ஆனார்கள். சாவடி ஒழிந்த பிறகு ஊர் கெட்டுப் போகவில்லை, முன்னேறியது.

ஆனால் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ரேகைச் சட்டம் நீங்கிய மறு வருடமே, 1948இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கே வந்தது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றப் பரம்பரை என்ற பட்டத்திலிருந்து நீங்கிய சீர்மரபினரைப் பிறப்பைக் கொண்டு குற்றவாளியாக நினைக்கும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

சிறைச் சீர்திருத்தம் பேசுகிறவர்களுக்கு ஒரு வாத்தியாராக நான் சொல்வது இதுதான்: திருத்த நினைத்தால் பள்ளிக்கூடத்தையும் பிழைப்பையும் கொடுங்கள். ராத்திரி ராத்திரி பேர் கொடுக்க வைத்து ஆளைத் திருத்திய கதை எங்கள் சீமையில் ஒன்றுகூடக் கிடையாது.