எலும்பெடுத்த கைகளும் எழுதிய சித்திரங்களும்

அழிந்துபோன மிருகம் என்றதும் நமது பாடசாலைப் பிள்ளைகளின் மனக்கண்முன் வந்து நிற்பது டைனோசர். மருதமுனையிலாயினும் பொத்துவிலிலாயினும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் பென்சிலைக் கொடுத்து, “பழங்காலத்து மிருகம் ஒன்றை வரைந்து காட்டு, தம்பி” என்று கேட்டால், வட அமெரிக்காவின் பாறைகளில் எலும்பாய்க் கிடந்த பிராணி ஒன்றைப் பல்லும் நகமுமாக வரைந்து தந்துவிடுவான். தான் பிறந்த இத்தீவிலேயே ஒரு காலத்தில் காண்டாமிருகமும் நீர்யானையும் சிங்கமும் திரிந்தன என்பதை அவன் அறியான். அறியாதது அவன் குற்றமன்று. அவற்றைச் சித்திரமாக்கி, அவன் மொழியில் விளக்கி, அவன் வாங்கக்கூடிய விலையில் கையளிக்க நாம் தவறிவிட்டோம். இத்தவறு எவ்வாறு நேர்ந்தது, இதை எவ்வாறு திருத்துவது என்பதைச் சரித்திர வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரத்தினபுரிப் பகுதியின் வயல்களிலும் ஆற்றோரங்களிலும் மாணிக்கக் கல் தேடி வெட்டப்படும் குழிகளைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அக்கல் வியாபாரத்தில் பேருவளை முஸ்லிம் வணிகர்க்குள்ள பங்கும் நாமறிந்ததே. ஆனால் குழிக்குள் இறங்குகிறவனைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. பக்கங்கள் சரிந்துவிடாதபடி மரக்கட்டைகளை அடுக்கி, இடைவெளிகளில் பன்னத் தழைகளைத் திணித்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே அவன் கீழே போகிறான். சேற்றையும் களிமண்ணையும் கடந்தபின் பரற்கற்கள் நிறைந்த படை ஒன்று தட்டுப்படும். சிங்களத்தில் அதற்கு ‘இல்லம’ என்று பெயர். அப்பரலை மேலே ஏற்றிப் பிரம்புக் கூடையிலிட்டு நீரிற் சுழற்றிக் கழுவினால் பாரமான கற்கள் அடியில் தங்கும். கிடைத்ததில் நிலத்துக்குரியவனுக்கு ஒரு பங்கு. முதல் போட்டவனுக்கு ஒரு பங்கு. நீரிறைக்கும் பொறிக்குரியவனுக்கு ஒரு பங்கு. எஞ்சியதைக் குழியில் இறங்கியவர்கள் தமக்குள் பிரித்துக்கொள்வார்கள்.

அந்தக் கூடையில் கல்லோடு கல்லாக வேறு சிலவும் வருவதுண்டு. கறுத்துப்போன கடைவாய்ப்பல், உடைந்த தாடை, நீரில் உருண்டு தேய்ந்த எலும்புத் துண்டு. சந்தையில் விலைபோகாத பொருள்கள் ஆதலின் அவை கழிவோடு கழிவாய் எறியப்படுவதே இயல்பு. அவ்வாறு எறியப்பட்டவற்றில் இத்தீவின் சரித்திரத்துக்கு முற்பட்ட சரித்திரம் கிடக்கிறது என்பதைக் கண்டு, 1930ஆம் ஆண்டுகளிலிருந்து அவற்றைத் தேடிச் சேர்த்தவர் பி. ஈ. பி. தெரணியகல. 1900இல் பிறந்து 1976இல் மறைந்த இவர், 1939 முதல் 1963 வரை கொழும்பிலுள்ள தேசிய நூதனசாலையின் பணிப்பாளராகப் பணியாற்றினார். விலங்கியல், தொல்லுயிரியல் ஆகிய துறைகளில் வல்லவரான இவர் ஓர் ஓவியருமாவார் என்பது நாம் இங்கு கருதத்தக்கது.

இரத்தினபுரிப் பரலிலிருந்து தெரணியகல அடையாளங் கண்ட பிராணிகளின் வரிசை வியப்பூட்டுவது. காண்டாமிருகம் இரு வகை. கீழ்த்தாடையின் முன்புறத்தில் ஆறு பற்களையுடைய நீர்யானை ஒன்று. இன்றுள்ளவற்றினின்றும் வேறுபட்ட யானை. ‘கவுர்’ எனப்படும் பெருங்காட்டு மாடு. இவற்றோடு சிங்கமும். இவையெல்லாம் பிளைஸ்டோசீன் எனப்படும் ஊழியைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, இற்றைக்கு 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது அவ்வூழி. அதன் குளிர்மிகு கட்டங்களில் துருவப் பனி பெருகிக் கடல் வற்றிற்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதினும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்கு நீரிணை அக்காலத்தில் நீரிணையாக இருக்கவில்லை. மிருகங்கள் கால் நனையாமல் நடந்து கடந்த தரையாக இருந்தது.

தாம் கண்ட பிராணிகள் பலவற்றுக்குத் தெரணியகல ‘சிங்ஹலேயுஸ்’ என்னும் அடைமொழியைச் சூட்டினார். பிராணி கிடைத்த நாட்டின் பெயரை விஞ்ஞானப் பெயரோடு சேர்ப்பது உலக வழக்கே. ஆயினும் ஒன்றை நாம் மாணவர்க்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அம்மிருகங்கள் நடமாடிய நாளில் இங்கே சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை, கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இல்லை. அவற்றின் எலும்பை இன்று எவ்வினமும் தன் உறுதிப்பத்திரமாக நீட்ட முடியாது. அவை இத்தீவின் மக்கள் எல்லோருக்கும் பொதுவான முதுசொம்.

குறிப்பாகச் சிங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1939இல் தெரணியகல அதனை விவரித்தபோது அவர் கையிலிருந்தவை குருவிற்றைப் பகுதியிற் கிடைத்த இரண்டு பற்கள் மாத்திரமே. இரண்டு பற்களைக் கொண்டு அது சிங்க இனம் என்று ஒரு விற்பன்னர் துணியலாம். அதன் பிடரிமயிர் எவ்வளவு அடர்ந்திருந்தது, தோல் என்ன நிறம் என்பவற்றை எவராலும் சொல்ல முடியாது. எனவே அச்சிங்கத்தை வரையப் புகும் ஓவியன் இரண்டிலொன்றைச் செய்கிறான். கொடியிலும் கோபுரத்திலும் கண்ட சிங்கத்தைப் பார்த்து வரைந்து ‘இதுவே உண்மை’ என்கிறான். அல்லது ‘இவ்வளவு தெரியும், இதற்கப்பால் ஊகம்’ என்று எல்லை காட்டி வரைகிறான். முன்னது பிரசாரம், பின்னது விஞ்ஞானம். இவ்வேறுபாட்டை ஒரு பிள்ளை பன்னிரண்டு வயதில் உணர்ந்துகொண்டால், பிற்காலத்தில் சரித்திரத்தின் பெயரால் அவன் முன் வைக்கப்படும் எத்தனையோ படங்களை அவன் நின்று நிதானித்துப் பார்ப்பான்.

இனி, மறைந்த மிருகங்களைச் சித்திரமாக்கும் வழக்கம் எவ்வாறு தொடங்கியது என்று பார்ப்போம். அதன் ஆரம்பத்திலும் ஓர் ஏழையின் உழைப்பே நிற்கிறது.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் றெஜிஸ் என்னும் சிற்றூரில் 1799இல் ஒரு தச்சனின் மகளாய்ப் பிறந்தவர் மேரி ஆனிங். கரையோரப் பாறைகள் இடிந்து விழும்போது வெளிப்படும் உயிர்ச்சுவடுகளைப் பொறுக்கி விற்பது அவர் குடும்பத்தின் பிழைப்பு. தந்தை 1810இல் இறந்தபின் அதுவே அவருக்குத் தொழிலாயிற்று. மீனையொத்த உடல்கொண்ட இக்தியோசோர், நீண்ட கழுத்தையுடைய பிளிசியோசோர் முதலிய கடல்வாழ் ஊர்வனவற்றை விஞ்ஞான உலகுக்குக் கொணர்ந்தவை அவருடைய கைகளே. கனவான்கள் அவற்றை விலைக்கு வாங்கினர். அவற்றைப் பற்றி எழுதிப் புகழடைந்தனர். மேரி ஆனிங்கோ பெண் என்பதனால் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் வாயிலைக் கடக்க முடியவில்லை.

1830இல் அவர் பணமுடையால் வருந்திய வேளையில், நண்பரான ஹென்றி டி லா பெச் என்னும் புவிச்சரிதவியலாளர் ஒரு நீர்வர்ணச் சித்திரத்தைத் தீட்டினார். ‘தூரியா அந்திக்குயியோர்’, அதாவது ‘மேலும் பழைய டோர்செற்’ என்பது அதன் பெயர். மேரி ஆனிங் கண்டெடுத்த பிராணிகள் உயிர்பெற்று நீந்துவதையும், பறப்பதையும், ஒன்றையொன்று கடித்துத் தின்பதையும் அது காட்டியது. ஜோர்ஜ் ஷார்ஃப் அதைக் கல்லச்சில் வார்க்க, பிரதிகளை விற்ற பணம் மேரி ஆனிங்குக்கு அளிக்கப்பட்டது. உயிர்ச்சுவடுகளை ஆதாரமாக்கி ஒரு பழைய உலகத்தை முழுக்காட்சியாகத் தீட்டிய முதற் சித்திரங்களுள் ஒன்று இது. எந்தப் பதிப்பாளரின் உத்தரவுக்கும் காத்திராமல், எலும்பெடுத்த ஒரு தொழிலாளிக்காக நண்பர்கள் தாமே அச்சிட்டு விற்ற சித்திரம் அது. சரித்திரம் நேர்கோட்டிற் செல்வதில்லை என்பதற்கும் இதுவே சான்று. ஏழைப் பெண்ணுக்கு இரங்கிய அதே டி லா பெச், ஜமேக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டமொன்றின் சொந்தக்காரர்.

பின்னர் 1854இல் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்னும் சிற்பி, இலண்டனை அடுத்த சிடன்ஹாமில் டைனோசர்களின் பேருருவங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தினார். அவற்றுள் இகுவானோடோன் என்ற பிராணிக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு வைக்கப்பட்டிருந்தது. 1878இல் பெல்ஜியத்தின் பேர்னிசார் என்ற ஊரில், 300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் நிலக்கரி வெட்டிய சுரங்கத் தொழிலாளர் அப்பிராணியின் எலும்புக்கூடுகளைக் கண்டனர். அவற்றை ஆராய்ந்த லூயி டொலோ, மூக்கிற் கொம்பென்று எண்ணப்பட்டது உண்மையிற் கைப்பெருவிரலின் முள் என்று நிறுவினார். கனவான்களின் சித்திரத்திலிருந்த பிழை, சுரங்கத்தில் இறங்கியவர்களின் மண்வெட்டியால் வெளிப்பட்டது. இரத்தினபுரிக் குழியும் பேர்னிசார்ச் சுரங்கமும் ஒரே பாடத்தையே நமக்குப் போதிக்கின்றன.

ஆனால் நமது நாட்டில் அப்பாடம் பாதியில் நின்றுவிட்டது. தெரணியகலவின் உழைப்பு அளவிடற்கரியது. இலங்கையின் மீன்களையும் ஊர்வனவற்றையும் காட்டும் வண்ணப்படத் தொகுதிகள் 1950ஆம் ஆண்டுகளின் முற்பாதியில் வெளிவந்தன. பிளைஸ்டோசீன் பற்றிய அவரது நூல் 1958இல் வெளியாயிற்று. இவையெல்லாம் ஆங்கிலத்தில் அமைந்தவை, ஆராய்ச்சியாளர்க்கென எழுதப்பட்டவை. குழியில் இறங்கிய சிங்களத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அவை எட்டவில்லை. நமது நெசவாளியின், மீனவனின், வயற்காரனின் பிள்ளைக்கும் எட்டவில்லை. ஒரு தனி மனிதரைக் குறைகூறுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. அறிவை உண்டாக்குவதோடு வேலை முடிந்துவிட்டதென்று கருதி, அதைத் திருப்பிக் கொடுக்கும் பணியை யாருமே ஏற்றுக்கொள்ளாத சமுதாய அமைப்பையே சுட்டுகிறோம்.

இவ்விடத்தில் நமது ஊர்களுக்கே உரிய ஒரு கேள்வி எழும். உயிருருவங்களை வரைதல் தகுமா என்பது நம் மத்தியில் நெடுங்காலமாகப் பேசப்படும் விடயம். தயங்குவோரை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. எனினும் இஸ்லாமிய உலகின் சரித்திரத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவின் அல்-ஜாஹிஸ் பிராணிகளைப் பற்றி ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெருநூலை இயற்றினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாரசீகத்தின் மராகாவில், கிறிஸ்தவ மருத்துவரான இப்னு பக்தீஷூவின் விலங்கு நூல் அழகிய படங்களுடன் எழுதப்பட்டது. ஜஹாங்கீரின் அவையிலிருந்த உஸ்தாத் மன்சூர் பறவைகளை இறகு இறகாகக் கவனித்துத் தீட்டினார். மொரீசியஸ் தீவின் டோடோ பறவை பதினேழாம் நூற்றாண்டு முடியுமுன் பூண்டற்றுப் போயிற்று. அதை உயிரோடு கண்டு வர்ணத்தில் வரைந்தனவாகக் கொள்ளப்படும் மிகச் சில ஓவியங்களுள் ஒன்று மன்சூருடையதென்றே கருதப்படுகிறது. அழிந்துபோன ஓர் உயிருக்கு முஸ்லிம் ஓவியன் ஒருவன் சாட்சி நிற்கிறான். இவ்வளவுக்குப் பின்னும் தயக்கம் நீங்காதவர்கள் பல்லை வரையட்டும், தாடையை வரையட்டும், மண்ணின் படைகளை வரையட்டும். உண்மையில் இந்த விஞ்ஞானம் தொடங்குவதே அங்கேதான்.

தமிழில் இது இயலுமா என்று கேட்பார்க்கு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் கிடக்கும் காரைதீவு விடை சொல்லும். அவ்வூரிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். சென்னையில் 1938இல் வெளிவந்த கலைச்சொற் தொகுதிக்காகத் தலைமைதாங்கி உழைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். சொற்கள் ஆயத்தமாகி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

வெளியிடுவார் யார் என்று கேட்பார்க்குக் கல்முனையே விடை சொல்லும். 1969, 1970ஆம் ஆண்டுகளில் எம். ஏ. நுஃமானும் அவருடைய தோழர்களும் இங்கிருந்து ‘கவிஞன்’ என்ற கவிதை ஏட்டை நடத்தினர். ‘வாசகர் சங்கம்’ என்ற பெயரில் இங்கிருந்தே நூல்கள் வெளியாயின. ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இல் அவ்வாறு வந்ததே. கொழும்பின் செல்வர்களோ சென்னையின் பதிப்பகங்களோ வந்து கைதூக்கிவிடும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆசிரியத் தொழில் பார்த்தவர்களும் வாசகர்களும் கூடிச் செய்த காரியம் அது. கவிதைக்கு இயன்றது விஞ்ஞானச் சித்திரத்துக்கு இயலாது என்று சொல்ல நியாயமில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை எளியது. சித்திர ஆசிரியர் ஒருவரும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும், அவர்களோடு உயர்வகுப்பு மாணவர் சிலரும் கூடினாற் போதும். நான்கு தாள்கள். முதல் தாளில் மாணிக்கக் குழி: அதன் மண்படைகளும், அதில் இறங்கி நிற்கும் தொழிலாளியும். மற்ற மூன்றில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம். கிடைத்த பல்லும் எலும்பும் உள்ள அளவில் முழுக் கோட்டில் வரையப்படட்டும்; ஊகித்த உடல் புள்ளிக் கோட்டில் வரையப்படட்டும். கீழே நான்கு வரி தமிழ் விளக்கம். உள்ளூர் அச்சகத்தில் அடித்து, ஓர் அப்பியாசக் கொப்பியின் விலைக்கு மேற்படாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அவற்றைச் சிங்களத்திலும் ஆக்கி இரத்தினபுரிப் பாடசாலைகளுக்கு அனுப்பினால், எலும்பெடுத்தவர்களின் வீட்டுக்கே சித்திரம் போய்ச் சேரும்.

இது வெறும் பழங்கதைப் பிரியத்தினால் எழுந்த யோசனை அன்று. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில், சுற்றுவட்டாரத்து ஊர்களின் குப்பையைக் கொட்டும் இடத்துக்கு வந்து பிளாஸ்ரிக்கைத் தின்ற யானைகளில் ஏறத்தாழ 20 எட்டு ஆண்டுகளில் மாண்டன என்று 2022 ஜனவரியில் செய்தி வெளியாயிற்று. இரத்தினபுரி நீர்யானை மறைந்ததற்கு மனிதனைப் பொறுப்பாக்க முடியுமோ என்னவோ, பள்ளக்காட்டு யானையின் வயிற்றிலிருந்த பொலித்தீன் பை நமது வீடுகளிலிருந்து போனது. ஓர் உயிரினம் இல்லாமற் போவது எப்படி என்பதைப் பிள்ளைகள் காகிதத்தில் ஒருமுறை கோடு கோடாக வரைந்து அறிவார்களாயின், உயிரோடு நிற்கும் யானையை அவர்கள் பார்க்கும் பார்வை வேறாயிருக்கும்.

நான்காம் தாளுக்குப் பின் ஐந்தாம் தாள் ஒன்றும் உண்டு. அதில் இன்றைய யானையை வரைய வேண்டும். அதை முழுக் கோட்டிலேயே வரையும் நிலை என்றும் நீடிக்க வேண்டுமென்றால், இவ்வேலையை அடுத்த தவணையிலேயே தொடங்குமாறு ஆசிரியத் தோழர்களை வேண்டுகிறோம்.