எண்ணில்லாத கேமரா

"முதல் டிஜிட்டல் கேமரா எது?" என்று கேட்டால், 'சோனி மேவிகா' என்று சொல்பவர்கள் நம்மில் பலருண்டு. இல்லவே இல்லை என்பேன் நான். எண்களாகப் படம் பதிந்த கேமராவைக் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975-லேயே செய்துவிட்டார். 1981 ஆகஸ்டில் சோனி காட்டிய மேவிகா மாதிரிக் கேமராவில் ஃபிலிமும் கிடையாது, எண்ணும் கிடையாது. டி.வி. படத்தில் ஒரு கணத்தை நிறுத்தி, கேஸட்டில் பாட்டுப் பதிகிற மாதிரி, அலையாகவே 2 அங்குலக் காந்தத் தட்டில் பதிந்தது. படத்துக்கு ஒரு வளையம். தட்டுக்கு 50 படம். தட்டு நிமிஷத்துக்கு 3,600 சுற்று சுற்றும். அதாவது, ஒரு சுற்றுக்கு வினாடியில் 60-ல் ஒரு பங்கு. ஜப்பான் டி.வி. திரையை மேலிருந்து கீழே ஒருமுறை வரைய ஆகும் நேரமும் அதுவே! என்ன அழகான கணக்கு பாருங்கள்.

படம் என்னவோ மங்கல்தான். ஆனால் பத்திரிகைக்காரர்களுக்கு அவசரமல்லவா? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் கேனன் சோதனைக் கேமரா எடுத்த படம், டெலிபோன் லைன் வழியே அரைமணிக்குள் ஜப்பான் போய்ச் சேர்ந்தது. ஃபிலிம் கழுவி, பிரிண்ட் போடுகிற வேலையே இல்லை. 1986-ல் கேனன் ஆர்.சி.701 கடைக்கும் வந்தது.

1997-ல் சோனி அதே மேவிகா பெயரில், கம்ப்யூட்டர் ஃபிளாப்பி போடும் நிஜ டிஜிட்டல் கேமராவை விற்றது. குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஃபிளாப்பியைக் கம்ப்யூட்டர் படிக்கும். பழைய 2 அங்குலத் தட்டைப் படிக்காது. எங்காவது அலமாரியில் அப்படியொன்று கிடைத்தால், கெட்டுப்போனதென்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்கான பழைய பிளேயர் கிடைத்தால், படம் டி.வி.யில் தெரியக்கூடும்.