நெல்லிக்கனியும் ஜம்பைக் கல்லும்

தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. சுற்றுலாப் பேருந்தில் நம்மவர்களோடு போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன்; இறங்கினதும் "கோட்டை எங்கே சார்?" என்றுதான் கேட்பார்கள். காலபைரவர் கோயில் இருக்கிறது. சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. கோட்டையைத்தான் தேட வேண்டும். மிஞ்சி நிற்பது கதை: கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் கதை.

"அதெல்லாம் புலவர்கள் கட்டிவிட்டதுப்பா" என்று தள்ளிவிட முடியாது. அசோகர் தம் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு சத்தியபுத்திரர் என்ற மரபையும் குறிப்பிட்டார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் தமிழ்பிராமிக் கல்வெட்டு ஒன்று அகப்பட்டது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகை உறைவிடத்தை அளித்தான் என்பதே அதன் செய்தி. ஒரே வரி, பழைய வழக்குக்கு விடை கிடைத்தது.

நெல்லிக்கனிக்குக் கல்லில் சாட்சி கிடையாது. ஆனால் அந்தப் பெயரில் ஒருவன் இருந்தான், கொடுத்தான் என்று கல்லே பேசுகிறது. பிள்ளைகளை அழைத்துப் போனால் இரண்டையும் சொல்லுங்கள்; எது கதை, எது கல் என்று பிரித்தே சொல்லுங்கள்.