பெரியாற்று நீரும் மதுரைச் சமவெளியின் இரு பாதிகளும்

1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பெரியாறு அணையைத் திறந்துவைத்தார். மதுரைச் சமவெளிக்கே அன்று விடிந்ததாகப் பலரும் எழுதிவருகிறார்கள். பாதிச் சமவெளிக்கு விடிந்தது. மறுபாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரே மாவட்டத்தில் மேலூரும் உசிலம்பட்டியும் வேறுவேறாய் வளர்ந்த கதை பிடிபடும்.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை மழைமறைவுப் பகுதி ஆறு. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் மணல்தான். அதனால் இங்கே வேளாண்மை ஆற்றைவிடக் கண்மாயையே நம்பியிருந்தது. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்ததை நிரப்பும், அது அதற்கடுத்ததை. பாண்டிய நாட்டுக் கண்மாய்கள் பலவற்றில் கரைக்கு உள்ளே, தண்ணீருக்குள், இரண்டு கல்தூண்கள் இன்றும் நிற்பதைப் பார்க்கலாம். குமிழித் தூம்பு அது. தூண்களுக்கு இடையே நிறுத்திய அடைப்பைத் தூக்கினால் மேல்துளை வழியே நீர் இறங்கும்; தரைமட்டத்துத் துளைகள் வழியே சேறும் கூடவே வெளியேறி வயலுக்குப் போகும். தனியாகத் தூர்வாரும் வேலை அந்த அளவுக்கு மிச்சம். திறக்க ஓர் ஆள் நீந்திப் போக வேண்டும், அவ்வளவுதான்.

1876–78 பஞ்சத்தில் இந்த ஏற்பாடு தாங்கவில்லை. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனை அதன்பின் வேகம் பெற்றது. 1886இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் வேலை தொடங்கியது. சுரங்கம் வழியே வந்த நீர் வைகையில் சேர்ந்து, பேரணை என்னும் தடுப்பணையில் பிரிந்து, மேலூர் நோக்கிப் போனது. பொறியாளர்கள் பழைய கண்மாய்களை அழிக்கவில்லை. கால்வாயால் அவற்றை நிரப்பினார்கள். திட்டத்தின் புத்திசாலித்தனம் இதில்தான் இருக்கிறது என்பேன்.

1959இல் வைகை அணை வந்தபின் பங்கீடு இன்னும் கறாரானது. இருபோக ஆயக்கட்டு 45,041 ஏக்கர். ஒருபோகத்தில் மேலூர்ப் பகுதிக்கு 85,563, திருமங்கலத்துக்கு 19,439 ஏக்கர். ஆக, நீர் பெற்ற பாதிக்குள்ளும் தலைமடை, கடைமடை என்ற சண்டை ஓயவில்லை. அறுவடை முடிந்து கண்மாய் வற்றும்போது மேலூர்ப் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் துண்டு வீசியதும் ஊத்தாக் கூடையும் வலையுமாய் ஜனம் இறங்கும் மீன்பிடித் திருவிழாவுக்கு, கண்மாய் நிறைந்த வருஷம் வேண்டும்.

மேற்கே உசிலம்பட்டி மேடு. கால்வாய் ஏறவில்லை, மானாவாரியே கதி. அந்த மண்ணின் பிரமலைக் கள்ளர்களுக்கு ஆங்கிலேய அரசிடமிருந்து வந்தது குற்றப்பரம்பரைச் சட்டம். அந்தச் சட்டத்தின்படி நடந்த ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டத்துக்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. சாதி, காவல் உரிமை, காவல்துறையின் பயம் எல்லாம் கலந்திருந்தன. ஆனால் பாசனம் வராத நிலத்தில் அரசு தன்னை முதலில் காட்டிக்கொண்டது போலீசாகத்தான்.

பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு உசிலம்பட்டிக்கும் '58 கிராமக் கால்வாய்' கிடைத்தது. வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. இந்தக் கால்வாயில் நீர் ஏற அணையில் 67 அடியாவது இருக்க வேண்டும்.