நட்ட காடும் வெட்டிய காடும்

அட்லாண்டிக் பெருங்கடலின் எதிரெதிர்க் கரைகளில் ரியோ டி ஜெனீரோவும் கேப் டவுனும் இருக்கின்றன. இரண்டிலும் மலை ஊருக்கு வெளியே இல்லை. மலையைச் சுற்றித்தான் ஊரே வளைந்து கிடக்கிறது. இரண்டிலும் தேசியப் பூங்கா நகரின் நடுவிலேயே இருப்பதால், காலையில் காடு, மாலையில் கடல் என்பது சுற்றுலா விளம்பரத்தின் மிகைப்பேச்சு அல்ல. இரண்டு வார விடுமுறையில் நகரத்தையும் இயற்கையையும் சேர்த்துப் பார்க்க விரும்புபவர் இவற்றுள் எதைத் தேர்வது என்று தடுமாறினால் அது நியாயம்தான். ஆனால் ஒன்றுக்குப் போட்ட திட்டம் மற்றதற்குச் சிறிதும் பொருந்தாது.

முதலில் பருவம். இரண்டும் தென் அரைக்கோளத்து ஊர்கள் என்பதால் மழைக்காலமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். அது சரியல்ல. ரியோவில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை புழுக்கமும் பெருமழையும்; மே முதல் செப்டம்பர் வரை வானம் பெரும்பாலும் தெளிவு. கேப் டவுனில் இது தலைகீழ்: கோடை வறண்டது; மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் பள்ளி விடுமுறையை ஒட்டிக் கிளம்புபவருக்கு ஏப்ரல் என்றால் கேப் டவுன் நல்லது, கோடைக் காற்று ஓய்ந்து மழை வலுக்காத இடைவெளி அது. மே கடைசி என்றால் ரியோ.

கேப் டவுனின் அந்தக் கோடைக் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தென்கிழக்கிலிருந்து அது வீசத் தொடங்கினால், 1,086 மீட்டர் உயர டேபிள் மலையின் தட்டையான உச்சியில் மேசை விரிப்புப் போல வெண்மேகம் படரும்; 1929 முதல் ஓடும் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். ரியோவின் கொர்கொவாடோ மலைக்கும் மேகம் வரும். ஆனால் அங்கே 1884இல் போடப்பட்ட பாதையில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மேலே போனால் கிறிஸ்து சிலைதான் தெரியாது. கேப் டவுனில் பயணம் ரத்து, ரியோவில் காட்சி ரத்து. ஆகவே இரண்டிலும் மலைக்கென்று ஒரு தேதியைக் குறித்து வைக்காமல், வந்த பின் முதலில் தெளியும் காலையை அதற்குக் கொடுப்பதே உத்தமம்.

நகரத்தைத் தாண்டும் வழியும் வேறு. கேப் டவுனில் வாடகைக் கார் இல்லாமல் முடியாது. நம்மைப் போலவே இடப்புறம் ஓட்டுவது பெரிய ஆறுதல். கடலோர ஊரான ஹெர்மானஸில் ஜூலையிலிருந்து நவம்பர் வரை கரைப் பாறையில் நின்றபடியே திமிங்கிலம் பார்க்கலாம். வடக்கே போனால் செடர்பெர்க் மலைகள். ரியோவிலிருந்து பேருந்தும் படகுமே போதும். இல்யா கிராண்டே தீவில் மோட்டார் வாகனப் போக்குவரத்தே கிடையாது, எல்லாம் நடைதான். 1994 வரை அங்கே சிறைச்சாலை இருந்தது. கைதிகள் இருந்ததால் விடுதி கட்டுவோர் வரவில்லை, காடு பிழைத்தது. அத்தீவும் பராச்சி நகரும் 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பதினான்கு நாளில் ரியோவுக்கு ஐந்து நாள் போதும், மிச்சத்தைத் தீவுக்கும் பராச்சிக்கும் செர்ரா டோஸ் ஓர்கான்ஸ் மலைக்கும் தரலாம். கேப் டவுனுக்கோ ஏழு நாளாவது வேண்டும். காற்று தின்னும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே!

கடலில் குளிப்பதைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. கேப் டவுனின் அட்லாண்டிக் பக்கக் கடற்கரைகள் கண்ணுக்கு விருந்து, காலுக்கு ஐஸ். ரியோவின் நீர் இதமானது. பென்குயின்களைக் காண கேப் டவுனில் பௌல்டர்ஸ் கடற்கரைக்குப் போனால் போதும். ரியோவுக்கும் அவை வருவதுண்டு என்பதுதான் வியப்பு: குளிர்காலத்தில் பட்டகோனியாவிலிருந்து கிளம்பும் இளம் பென்குயின்கள் சில களைத்துப்போய் அக்கரையில் ஒதுங்குகின்றன.

இவற்றையெல்லாம்விட ஆழமான உறவு காடுகளில் இருக்கிறது. ரியோவின் திஜூகா காடு கன்னிக்காடு போலத் தோன்றும். உண்மையில் அதன் பெரும்பகுதி நட்டு வளர்த்தது. காப்பித் தோட்டங்களுக்காக மலையை மொட்டையடித்ததில் ஓடைகள் வற்றி நகரம் தண்ணீருக்குத் தவித்தது. 1861இல் பேரரசர் இரண்டாம் பெத்ரோவின் ஆணைப்படி மனுவேல் கோமெஸ் ஆர்ச்சர் மீண்டும் காடு வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். அடிமைகளாயிருந்த சிலரின் உழைப்பில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்கள் நடப்பட்டன. கேப் டவுனிலும் காரணம் தண்ணீரே, செயல் மட்டும் எதிர். அந்த மண்ணுக்குரியது ஃபின்போஸ் என்னும் குட்டைப் புதர்க்காடு. வெளியிலிருந்து வந்த பைனும் தைலமரமும் அதைவிட அதிக நீரை உறிஞ்சுவதால், 1995 முதல் அரசே ஆள் வைத்து நீர்ப்பிடிப்பு மலைகளில் அவற்றை வெட்டுகிறது. 2018இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர்தான் என்று வரம்பிடும் அளவுக்கு வறட்சி முற்றியபோது அந்த வாதம் இன்னும் வலுத்தது. நகரின் டோக்காய் பகுதியில் பைன் நிழலில் நடந்து பழகிய உள்ளூர்வாசிகள் மட்டும் ஒப்பவில்லை. நீதிமன்றம் வரை போனார்கள்.

அப்படியானால் ரியோவில் நடுவது மட்டும்தானா? அங்கும் ஒரு மரத்தை ஒழிக்கிறார்கள். அது நம் பலா! போர்ச்சுக்கீசியர் காலத்தில் கடல் கடந்து போன பலா, திஜூகாவில் உள்ளூர் மரங்களை நெருக்கிப் பரவியது. கேப் டவுனிலும் நம் பக்கத்து விருந்தாளி ஒன்று இப்படியே வரவேற்பு இழந்தது. 1936இல் மலையடிவார விலங்குக் காட்சிசாலையிலிருந்து தப்பிய, தோற்றத்தில் நீலகிரி வரையாட்டை ஒத்த இமயமலைத் தார் ஆட்டு ஜோடி டேபிள் மலையில் மந்தையாகப் பெருகியது. பின்னாளில் பூங்கா நிர்வாகம் அவற்றைச் சுட்டுக் குறைத்து, அம்மலைக்குரிய கிளிப்ஸ்பிரிங்கர் என்ற சிறு மானைத் திரும்பக் கொண்டுவந்தது. ரியோவிலும் 2010இல் அகூட்டி என்னும் கொறிவிலங்கை மீண்டும் காட்டில் விட்டார்கள். பலாவை வெறும் பகையாளி என்று தள்ள எனக்கு மனமில்லை, அங்குள்ள விலங்குகளும் அதைச் சுவைத்துத்தான் உண்கின்றன.

எனவே காட்டுக்குள் நடக்க ஆசைப்படுபவர் ரியோவையும், காரில் போய் இறங்கி இறங்கிப் பார்ப்பவர், குறிப்பாக வயதான பெற்றோருடன் செல்பவர், கேப் டவுனையும் தேர்வதே பொருத்தம். ரியோ என்றால் ஒரு வேலை கூடுதல்: பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும் என்பதால், விமானச் சீட்டு எடுத்த கையோடு அதையும் முடித்துவிட வேண்டும்.