வெள்ளியின் மெருகு: புரூப்பும் புரூப்போலியும்

மலேசியத் தமிழர் இன்றும் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1903இல் பம்பாய் அக்கசாலை அடித்த டாலர், பெயருக்கேற்ப மெய்யாகவே வெள்ளிக் காசு. ஒருபுறம் ஏழாம் எட்வர்டின் தலை. மறுபுறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை. டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய ரப்பர்ப் பயிர் பரவி வந்த காலம் அது.

மக்கள் கையில் புழங்கிய டாலர் வேறு. காட்சிக்கென அடித்த டாலர் வேறு. பின்னதைப் ‘புரூப்’ என்பர். அச்சகத்தில் பிழை பார்க்க எடுக்கும் தாளுக்கும் அதுவே பெயர். அச்சின் செம்மையை ஆராய அடித்துப் பார்த்த காசே முதலில் அப்பெயர் பெற்றது. அச்சையும் வில்லையையும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பர். தளம் முகம் காட்டும். எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் நிமிர்ந்து நிற்கும், விளிம்பும் மழுங்காது.

இனி, புதிதாக மெருகிட்ட அச்சில் முதன்முதல் விழும் சாதாரணக் காசுகளும் பளபளக்கும். இவற்றைப் ‘புரூப்போலி’ எனலாம். போலி என்றது கள்ளக்காசை அன்று. முதற்போலி, கடைப்போலி எனும் இலக்கண வழக்கை ஒட்டியது. வில்லை மெருகிடப்படாதது, அடியும் ஒன்றே. ஆதலின் பளபளப்பு இடத்துக்கிடம் மங்கும். விளிம்பு சற்றே உருண்டிருக்கும்.

பெருங்குழப்பம் விளைப்பது மூன்றாவதொன்று. பூசைக்கு வைத்த வெள்ளியைத் திருநீறிட்டுத் துலக்குதல் நம் வீட்டு வழக்கம். பெட்டியடியில் கிடந்த பாட்டன் காசு அவ்வாறு மின்னுவது கண்டு, புரூப் என்று மலாக்கா ஜோங்கர் வீதிக்கு எடுத்துச் செல்வோர் ஏமாறுவர். அதனைப் புரூப் விலைக்கு வாங்குவோர் அவரினும் ஏமாறுவர். பூதக்கண்ணாடி ஒன்று போதும். அச்சை மெருகிட்ட கோடுகள் காசில் மேடாக எழும், தளத்தோடு நின்றுவிடும், அரசன் முகத்தின்மேல் ஏறா. துலக்கிய கீறல்களோ பள்ளமானவை. அவை தளம், முகம், எழுத்து என்று பாராமல் குறுக்கே ஓடும். துலக்காத தேய்ந்த காசுக்கே உண்மையில் மதிப்பு மிகுதி. தோட்டத்து வரலாற்றுக்கும் அதுவே நெருங்கிய சான்று.

பம்பாய் அக்கசாலை பழைய ஆண்டு பொறித்த அச்சுகளால், சேகரிப்போருக்கெனப் பிற்காலத்தில் புரூப் மெருகோடு மறுபடியும் அடித்ததுண்டு. எனவே தளமும் விளிம்பும் புரூப் என்றே காட்டினும், பொறித்த ஆண்டுதான் அடித்த ஆண்டு என்று கொள்வதற்கில்லை.